‘வில’ என்று எழுதிய பெட்டி

இராகு காலம் மூன்று மணிக்குத்தான் முடியும், அதற்கப்புறம்தான் நிச்சயத் தட்டு மாற்றுவது, அதுவரைக்கும் சம்பந்திமார் ரெண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள் என்று கூட்டத்திலிருந்து பிரித்து இந்தச் சின்ன அறைக்குள் கொண்டு வந்து உட்கார வைத்தார்களே, அப்போதே ஆறுச்சாமிக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஆளைத் தனியாகப் பிரிப்பது எதற்கென்று அவருக்கா தெரியாது? பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்க ஆரம்பித்து முப்பத்தைந்து வருஷம், மாடு வாங்க வந்தவனை அவன் கூட்டாளிகளிடமிருந்து தள்ளிக்கொண்டு போய்ப் புளிய மரத்தடியில் நிறுத்துவதுதான் முதல் வேலை, நாலு பேர் நடுவில் நிற்கிறவன் மசிய மாட்டான், தனியாக நிற்கிறவனுக்கு முட்டி லேசாக ஆடும், அதற்கப்புறம்தான் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து ரெண்டு பேர் கைமேலும் போட்டு உள்ளே விரலைப் பிடித்தே விலை பேசுவது. ஆக என்னை இங்கே புளிய மரத்தடிக்குக் கொண்டு வந்தாச்சு. வரட்டும், பார்க்கலாம். ஆனால் பார்க்கவும் முடியாது, வாயைத் திறக்கவும் முடியாது, வேனில் வரும்போதே கௌசல்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், அவள் அம்மா மாதிரியே எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டாள்: “அப்பா, இன்னைக்கு ஒரு நாள் பேரம் பேசாதீங்க. போன தடவை மாதிரி சத்தம் போட்டீங்கன்னா நான் இனி யாரு முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன். ஆஸ்டல்லயே இருந்துக்கறேன்.” போன தடவை. அவினாசிக்காரன். அவன் தாய்மாமன் ஒருத்தன் பல்லைக் குத்திக்கொண்டே பெண்ணுக்கு வயசு ஏறிப்போச்சுங்களே என்று சொன்னான், தட்டைத் தூக்கி அவன் மடியில் கவிழ்த்துவிட்டு வந்தார், சரியாகத்தான் செய்தார், இன்றைக்குச் சொன்னாலும் செய்வார், ஆனால் அதற்கப்புறம் மூன்று மாதம் மகள் வீட்டுக்கு வரவில்லை. இப்போது இருபத்தொன்பது. இந்தப் பையனை அவளே பார்த்து, அவளே பேசி, ரெண்டு பேருக்கும் ஒரே கண் ஆஸ்பத்திரியில் வேலை, பையன் பேர் முகிலன், தலையைக் குனிந்துதான் பேசுகிறான், சரி, எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருக்கிற மாட்டை அவர் இதுவரைக்கும் பார்த்ததில்லை.

எதிரே நாற்காலியில் பையனின் அப்பா தெய்வசிகாமணி. அச்சாபீசில் பிழை திருத்துகிற வேலையாம், ஓய்வு பெற்றாகிவிட்டது, ஒல்லியாக, கண்ணாடிக்குள் கண்ணைப் பெரிசாக வைத்துக்கொண்டு, புதுவேட்டி மடிப்புக் கலையாமல், வலது கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் செருப்புப் பெட்டிகள். மனிதன் செருப்புக் கடை வைத்திருந்தானோ என்று முதலில் நினைத்தார், பார்த்தால் எல்லாப் பெட்டிக்குள்ளும் சீட்டு, சீட்டு, கத்தையாக அட்டைச் சீட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சொல். சொல் சேர்க்கிறாராம். சேர்த்து? விற்கவா போகிறார்? ஒரே மாதிரி எழுத்து வருகிற சொல்லையெல்லாம் ஒரே பெட்டியில் போட்டு, எது எதற்குச் சொந்தம், எது எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறாராம், நாற்பது வருஷமாக. ஆறுச்சாமி தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதற்குக் காசா பணமா. ஆனால் உள்ளே வேறொன்று ஓடிக்கொண்டேயிருந்தது, போன வாரம் போனில் பேசும்போது இந்த மனிதர் சொன்னது, “எங்களுக்கு எதுவும் வேண்டாமுங்க, பொண்ணு வந்தாப் போதுமுங்க.” எதுவும் வேண்டாம் என்பதை அவர் மூன்று ராத்திரி புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டார். கேட்கிறவனிடம் பயமில்லை, கேட்டால் குறைக்கலாம், திட்டலாம், எழுந்து பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி வரலாம். கேட்காதவனை என்ன செய்வது? ஒரு தடவை மாடு விற்க வந்த ஒட்டன்சத்திரத்துக்காரன் ஒருத்தன், விலையை நீங்களே பார்த்துக் கொடுங்கண்ணா என்று கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு நின்றான், இவரும் இளகிப்போய் ஒருத்தருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார், வீட்டுக்குப் போன மாடு மூன்றாம் நாள் வலது பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்தது, வலது கண் சுத்தமாகத் தெரியாது, அந்தப் பயல் சந்தை முழுக்க மாட்டின் வலது பக்கத்தை மறைத்துக்கொண்டே நின்றிருக்கிறான். குற்றம் இருக்கிற பக்கத்தில்தான் விற்கிறவன் நிற்பான். அந்தக் கை ஏன் துண்டுக்குள் இருக்கிறது? உள்ளே வந்ததிலிருந்து பார்க்கிறார், தண்ணீர் குடித்ததும் இடது கை, கண்ணாடியைத் தூக்கிவிட்டதும் இடது கை, வாங்க என்று கும்பிட்டதுகூட அரைக் கும்பிடுதான், துண்டோடு சேர்த்து. இடது கைப் பழக்கமா? அப்படியிருந்தால் சொல்லலாமே. ஆறாவது விரலா? வெண்குஷ்டமா? அய்யோ, அதெல்லாம் இல்லை, கௌசல்யா பார்த்திருப்பாள். கௌசல்யா பார்த்திருப்பாளா?

தெய்வசிகாமணி இடது கையாலேயே ஒரு பெட்டியை இழுத்து ரெண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். பெட்டியின் முகத்தில் பெரிசாக ‘வில’ என்று எழுதியிருந்தது. “இது உங்க பெட்டிங்க,” என்றார் சிரித்துக்கொண்டே. என்ன சிரிப்பு? என் பெட்டி என்றால்? “நீங்க விலை பேசற தொழில்ல இருக்கறீங்க. அதான் இதை எடுத்து வெச்சேன். விலைங்கறது ‘வில்’லுங்கற பழைய வினையில இருந்து வந்துச்சுங்க. விக்கறதுன்னு அர்த்தம். அம்பு விடற வில் வேற, அது தனிக் குடும்பம். எழுத்து ஒண்ணா இருக்கறதால மட்டும் சொந்தம்னு சொல்லிரக் கூடாது பாருங்க.” ஆறுச்சாமி நிமிர்ந்தார். சொந்தம்னு சொல்லிரக் கூடாது. இவன் எதைச் சொல்கிறான்? ஒரே ஊர்ப்பக்கம், ஒரே குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்தில் ரெண்டு வீட்டுப் பேரும் கல்லில் இருக்கிறது என்று ஆறுச்சாமிதான் போனில் சொன்னார், பெருமையாகத்தான் சொன்னார், அதற்கா இந்தப் பதில்? “விலகுன்னா ஒதுங்கறது,” சீட்டு ஒன்றைத் தள்ளிவிட்டு அடுத்ததைக் காட்டினார். ஒதுங்கச் சொல்கிறானா. “விலங்குன்னா குறுக்கேன்னு அர்த்தமுங்க. மனுசன் நெட்டுக்குத்தலா நிக்கறான், ஆடு மாடு குறுக்கே நீண்டு நிக்குது, அதனால அதுக்கு விலங்குன்னு பேராச்சும்பாங்க. கால்ல பூட்டறாங்களே, அதும் விலங்கு. குறுக்கே நிக்கறது எல்லாமே.” குறுக்கே நிற்கிறவன் யார், நானா? என் மகள் கல்யாணத்துக்கு நானா குறுக்கே நிற்கிறேன்? எடுத்து வைத்திருக்கிற சொல்லைப் பார், விலை, விலகு, விலங்கு, ஒவ்வொன்றும் ஒரு குத்து. சந்தையிலும் இப்படி ஆட்கள் உண்டு, பக்கத்து மாட்டைத் திட்டுவது போல நம் மாட்டைத் திட்டுவார்கள், கேட்டால் உன்னையா சொன்னேன் என்பார்கள். காது மடல் சுட ஆரம்பித்தது. கோபம் வரும்போது அவருக்கு முதலில் காதுதான் சுடும். சுவர்க் கடிகாரம் ஒன்று ஐம்பது. இன்னும் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். வாயை மூடு, ஆறுச்சாமி. “சொல்லுங்,” என்றார்.

“நீங்களே ஒண்ணு எடுங்க,” என்று பெட்டியைத் தள்ளினார் அவர். ஆறுச்சாமி ஒரு சீட்டை உருவினார், மூன்றாங் கிளாஸ் படிப்பு, எழுத்துக் கூட்டிப் படித்தால் வரும், ஆனால் சொல்லைப் படிக்கும் முன்னால் எழுத்தைப் பார்த்தார், லகரத்தின் வால் அப்படி ஒரு சுழி சுழித்து மேலே ஏறுவது இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான். கௌசல்யாவின் கை. இன்னொன்றை எடுத்தார், அதுவும். பெட்டியின் முன்பாதி முழுக்க அவள் கை, பின்பாதியில்தான் வேறு கை, பழுப்பேறி. அப்படியென்றால் இவள் எத்தனை நாளாக இங்கே வந்து போகிறாள்? ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டி என்றாளே. வருஷக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டி. எதுவும் வேண்டாம், பெண் வந்தால் போதும், ஆமாம், ஏன் போதாது, இப்போதே உட்கார வைத்து எழுத வைத்தாச்சு, கயிற்றைக் கைமாற்றும் முன்னாலேயே ஏரில் பூட்டியாச்சு. அவர் சீட்டைக் கண்ணுக்கு அருகே கொண்டு போனார். வில்லன். “அது இங்கிலீஷ்காரன் சொல்லுங்க,” என்றார் தெய்வசிகாமணி உற்சாகமாக, “நம்ம பெட்டிக்குச் சேராது, ஆனா எழுத்து வருதேன்னு போட்டு வெச்சேன். வேடிக்கை பாருங்க, அது முதல்ல கெட்டவன்னு அர்த்தம் இல்லீங்க. பண்ணையாளு. தோட்டத்துல கெடந்து வேலை செய்யறவன். பெரிய மனுசங்க வாய்ல புழங்கிப் புழங்கி அந்தப் பேரே கெட்டவன்னு ஆயிருச்சு.” பண்ணையாள். ஏழு வயசில் தொட்டம்பட்டிக் கவுண்டர் தோட்டத்துக் கட்டுத்தரையில் சாணி அள்ள விட்டுவிட்டுப் போனார் அப்பன், பதினேழு வயசில் அந்தக் கட்டுத்தரையைத் தாண்டி ராவோடு ராவாக வந்தவன்தான், அதற்கு முந்தின பத்து வருஷத்தை அவர் யாரிடமும் பேசியதில்லை, சந்தையில் ஒரு நாய்க்கும் தெரியாது, போய்ச் சேர்ந்த பெண்டாட்டி சரசுவுக்குத் தெரியும், மகளுக்கு ஒரே ஒரு தடவை, அவள் பரீட்சையில் தோற்று அழுத அன்று சொன்னார். சொல்லிவிட்டாளா? உட்கார்ந்து சீட்டு எழுதும்போது பேச்சுவாக்கில், எங்கப்பா பண்ணையாளா இருந்தவர் என்று? அதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் இந்தச் சீட்டை மேலே வைத்தார்களா? ஆனால் சீட்டை எடுத்தது நான். நானே உருவினேன். மேலே வைத்தால் மேலே இருப்பதைத்தானே எடுப்பான், இது தெரியாதா, சந்தையில் எத்தனை பேரை நான் நினைத்த மாட்டை அவனே எடுப்பது போல எடுக்க வைத்திருக்கிறேன்.

“வில்லங்கம் இருக்குதுங்களா இதுல?” என்று கேட்டுவிட்டார். குரல் கொஞ்சம் தடித்துத்தான் வந்தது. தெய்வசிகாமணிக்கு முகம் மலர்ந்து போனது, “அடடே, இருக்குதுங்க! சரியாக் கேட்டீங்க. ஆனா எங்கிருந்து வந்துச்சுன்னு இன்னும் பிடிபடலை. கேள்விக்குறி போட்டு வெச்சிருக்கறேன்.” இவன் முட்டாளா, இல்லை என்னைவிடப் பெரிய தரகனா? கதவுப்பக்கம் அவர் சம்சாரம் சுலோச்சனா மோர் டம்ளரோடு வந்து நின்று, “உங்களுக்குத் தலை வலிக்குதுங்களா அண்ணா? நாலு நாளா இந்தப் பெட்டியத்தான் கட்டிட்டு அழுவறாரு, சம்பந்தி வர்றாரு, அவருக்குப் புடிச்ச மாதிரி எதைப் பேசறதுன்னு,” என்று சொல்லிவிட்டுப் போனது. நாலு நாளாக ஒத்திகை. அதையும் ஒத்துக்கொண்டு போகிறது இந்தம்மா. ஆறுச்சாமி மோரைக் குடித்தார், உப்புச் சரியாக இருந்தது, அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. கையிலிருந்த அடுத்த சீட்டில் ரெண்டே எழுத்து. விலா. “வில்லு மாதிரி வளைஞ்சு இருக்கறதால வந்துச்சோ என்னமோ,” என்று எதிரே பேச்சு போய்க்கொண்டிருந்தது, அது தூரத்தில் கேட்டது, ஏனென்றால் கண்ணுக்குள் சரசு அடுப்படியில் நின்றுகொண்டு இடது கையால் விலாவை அமுக்கியபடி, இங்க லேசா வலிக்குதுங்க என்றாள். அன்றைக்குச் சந்தையில் ஒரு காங்கேயம் ஜோடி கையை விட்டுப் போயிருந்தது. சோத்தைப் போடுடி முதல்ல என்று தட்டைத் தள்ளினார். அவ்வளவுதான் நடந்தது. ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அதற்கப்புறம் எட்டு மாதம் அவள் சொல்லவேயில்லை, வலது பக்கத்தை மறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி அவள் இடது பக்கத்தை மறைத்துக்கொண்டு எட்டு மாதம் அவருக்குச் சோறு போட்டாள், மாட்டின் வயிற்றைத் தொட்டு எத்தனை மாதச் சினை என்று சொல்கிற மனிதனுக்கு அது தெரியவில்லை. டாக்டர் கேட்டார், ஏம்மா இவ்வளவு நாள் சொல்லலை? அவள் அவரைப் பார்த்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை வருகிற இடத்தில் அவர் எப்போதும் வேறு எதையாவது நினைத்துக்கொள்வார், வேறு எதையாவது, மணி என்ன, ரெண்டு இருபது, இவன் எதற்கு இந்தச் சீட்டை என் கையில் வர விட்டான், இதையும் சொல்லிவிட்டாளா அவள்?

சீட்டைப் பெட்டிக்குள் திணித்தார். கோணலாகப் போயிற்று. தெய்வசிகாமணி பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், எதையோ சொல்ல வாய் திறந்து மூடினார், திறந்தார், மூடினார். வருகிறது, வருகிறது, புளிய மரத்தடிப் பேச்சு இப்போது வருகிறது என்று ஆறுச்சாமி காலை ஊன்றிக்கொண்டார். வெளியே கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தெய்வசிகாமணி நாற்காலியை முன்னால் இழுத்தார், துண்டுக்குள் இருந்த வலது கையைத் துண்டோடு நீட்டி, ஆறுச்சாமியின் கையைப் பிடித்தார். துண்டு நழுவி ரெண்டு கையையும் மூடிக்கொண்டது. முப்பத்தைந்து வருஷம். எத்தனை துண்டு, எத்தனை கை, வேர்த்த கை, காய்த்துப்போன கை, பொய் சொல்கிற கை, ஒரு கை பிடித்ததும் விரல்கள் தானாகக் கேட்கத் தொடங்கிவிடும், காது வேண்டாம். துண்டுக்கடியில் அந்தக் கை பேசியது. நாலு விரல் சேர்ந்து ஒரு அமுக்கு. கட்டை விரல் தனியாக ரெண்டு தட்டு. சின்ன இடைவெளி. மறுபடி நாலு விரல். கட்டை விரல் ரெண்டு. அடப்பாவி. வாயால் எதுவும் வேண்டாம் என்று சொல்லி நாலு பேர் முன்னால் நல்லவனாகிவிட்டு, என் பாஷையைக் கற்றுக்கொண்டு வந்து என்னிடமே விலை கேட்கிறான், மகளுக்குத் தெரியாமல், சாட்சி இல்லாமல். அவர் யோசிக்கும் முன்னால் அவர் விரல் பதில் சொல்லிவிட்டது, அந்த நடு விரலைப் பிடித்து மடக்கியது, கட்டாது என்று. அந்தக் கை அதை மதிக்கவேயில்லை. நாலு விரல். கட்டை விரல் ரெண்டு. இறங்கவே மாட்டேன் என்கிறான்! மறுபடி மடக்கினார். மறுபடி அதே. தெய்வசிகாமணியின் முகத்தைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் கட்டி நிற்கிறது, நடிப்பைப் பார். காது ரெண்டும் எரிந்தது.

“கேக்கறத வாயத் தொறந்து கேளுங்க!” என்று கத்தினார் ஆறுச்சாமி. “எதுக்குத் துண்டுக்குள்ள கேக்கறீங்க? நான் என்ன உங்க வீட்டுக்கு மாடு புடிக்க வந்தனா?” துண்டைப் பிடித்து இழுத்து வீசினார். வெளியே சிரிப்பு நின்றது. கௌசல்யா பட்டுப் புடவையோடு ஓடி வந்து கதவில் நின்றாள், அவளுக்குப் பின்னால் சுலோச்சனா. ஆறுச்சாமி கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். ஆனால் அந்தக் கை அங்கேயே காற்றில் நின்றது, பிடிக்க யாரும் இல்லாமல், துண்டு இல்லாமல், நாலு விரலும் சேர்ந்து ஒரு அமுக்கு, கட்டை விரல் ரெண்டு தட்டு, சின்ன இடைவெளி, மறுபடி நாலு விரல். யாரிடமும் எதுவும் கேட்காமல் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. சுலோச்சனாதான் முதலில் பேசியது. “அதுவா ஆடுதுங்கண்ணா. ரெண்டு வருசமாச்சு. மாத்திரை போட்டாக் கொஞ்ச நேரம் நிக்கும். இன்னைக்கு நிக்கலை.” தெய்வசிகாமணி அந்தக் கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்தார். “சொல்லிட்டுத்தான் தட்டு மாத்தணும்னு உங்களைத் தனியாக் கூட்டியாரச் சொன்னேனுங்க. போன்லயே சொல்லியிருக்கணும். தப்புத்தான். இந்த நோவுக்கு ஒரு இங்கிலீஷ் பேரு இருக்குது, அது என் வாய்ல வரமாட்டேங்குது. இத்தனை சொல்லு இருக்குது இந்த ரூமுக்குள்ள, ஒண்ணும் ஒதவலை. நீங்க கையப் புடிச்சாலே எல்லாம் கண்டுபுடிச்சிருவீங்கன்னு கௌசல்யா சொல்லும். அதான், கையவே குடுத்துரலாம்னு…”

குற்றம் கிடைத்துவிட்டது. அவர் உடம்பில் ஒரு சூடு குப்பென்று ஏறியது, பார்த்தாயா, சொன்னேனா இல்லையா, மறைத்துக்கொண்டு நின்ற பக்கம் இதுதான், இனிமேல் கயிறு என் கையில், நடந்து வெளியே போகலாம், எவனும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. சூடு ஏறின வேகத்தில் அடுத்த சந்தேகமும் ஏறியது. “பையனுக்கும் வருமா இது?” “வரலாம், வராமலும் போகலாம்ப்பா,” என்றாள் கௌசல்யா. “பெரிய டாக்டர்கிட்டக் கேட்டாச்சு. தெரிஞ்சுதான் நிக்கறேன்.” “ரெண்டு வருசமா உனக்குத் தெரியும்.” “தெரியும்.” “எங்கிட்ட எதுக்கு ஒரு வார்த்தை சொல்லலை?” அவள் எங்கேயோ பார்க்கவில்லை, நேராக அவரைப் பார்த்தாள். “அம்மா எதுக்குச் சொல்லலையோ, அதுக்குத்தான்.” ஆக எல்லாரும் என்னிடம்தான் மறைக்கிறார்கள். உலகத்தில் குற்றத்தை மறைக்கிறவர்கள் எல்லாம் பொய்யர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பயந்தவர்களாகவும் இருக்கலாம், பயம் யாரைப் பார்த்து? வாசலில் மைத்துனன் சென்னியப்பன் தலையை நீட்டி, “என்ன மாமா சத்தம்? என்னமாச்சும் கேக்கறாங்களா? சொல்லுங்க, வேன எடுத்துரலாம்,” என்றான். நாலு பேரும் ஆறுச்சாமியின் வாயைப் பார்த்தார்கள். “ஒண்ணும் கேக்கலை,” என்றார் அவர். “மூணாச்சான்னு போயிப் பாரு.” கீழே கிடந்த துண்டை எடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்து, எடுக்காமல், நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெய்வசிகாமணியும் அதையே பார்த்தார்.

கூடத்தில் பாய் விரித்து ரெண்டு தட்டும் தயாராக இருந்தன, வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் தடவின தேங்காய், சுற்றிலும் அறுபது எழுபது பேர், ஒருத்தருக்கும் எதுவும் தெரியாது. மூன்று அடித்து மூன்று நிமிஷம். எழுந்து நிற்கச் சொன்னார்கள். தெய்வசிகாமணி தட்டைத் தூக்கினார், ரெண்டு கையாலும் தூக்க வேண்டிய தட்டு, இடது கையை அடியில் கொடுத்து வலது கையை ஓரத்தில் ஒட்டினாற்போல வைத்திருந்தார், நல்ல யோசனைதான், ஆனால் போதாது என்று ஆறுச்சாமிக்குத் தூக்கும்போதே தெரிந்துவிட்டது. பித்தளை சின்னதாகச் சப்தம் போட ஆரம்பித்தது. தேங்காய் அசைந்தது. அவர் தன் தட்டைச் சென்னியப்பன் கையில் திணித்துவிட்டு ரெண்டு எட்டு முன்னால் வைத்துக் கையை நீட்டிப் பிடித்தார், பிடித்த வேகத்துக்கும் தட்டு சரிந்ததற்கும் ஒரு நூலிழைதான் வித்தியாசம், தேங்காய் விளிம்பைத் தாண்டித் தொம்மென்று பாயில் விழுந்து உருண்டு, உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவில் போய் நின்றது. பின்வரிசையில் ஒரு பெரியம்மா உச்சுக்கொட்டியது, “என்ன சாமி இது, நல்ல நேரத்துல…” யாரோ கேட்டார்கள், “யாரு கை அது?” ஒவ்வொரு தலையும் தெய்வசிகாமணியின் பக்கம் மெல்லத் திரும்பத் தொடங்குவதை ஆறுச்சாமி பார்த்தார், சந்தையில் கூட்டம் ஒரு மாட்டின்மேல் சந்தேகப்பட்டுத் திரும்புவதை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார், எத்தனையோ தடவை அவரே திருப்பிவிட்டிருக்கிறார். தட்டுக்கடியில் அவர் கைமேல் அந்த நாலு விரலும் அமுக்கின, விட்டன, அமுக்கின.

“என் கைதானுங்க,” என்றார் சத்தமாக. “வழுக்கிருச்சு. பந்தியில எண்ணெய்ப் பலகாரத்தைப் போட்டுப் போட்டு வெச்சீங்க, கையச் சரியாக் கழுவலை. அதுக்கு என்ன இப்ப? தேங்காயக் கண்டதே இல்லீங்களா யாரும்? எடுத்து வெய்யுங்க!”